கந்தர்வனின் மூன்றாம் பாகம்

அரிசி வாளிக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு என் மனைவி ஜீவராணி உள்ளே வந்துவிட்டாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"அரிசி இருக்கான்னு பாத்தேன்."

"கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் அந்தச் சந்தேகம் வந்திச்சா?"

கையை எடுத்தேன். மூன்றாம் பாகம் அங்கேயும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வாசகசாலையில், அதன் செயலாளர் என்ற முறையில், ஒரு சபதம் செய்திருந்தேன். லயத்து வரிசைவீட்டுப் பெண்களைக் கெடுக்கும் அந்தக் கந்தர்வன் நாவலை அடுத்த கூட்டத்தில் கிழித்துத் தோரணம் கட்டுவேன் என்று. ஆனால் பெண்கள் அதை ஏற்கெனவே கிழித்திருந்தார்கள். பலாங்கொடை டவுனில் ஸம்சுதீன் புத்தகக் கடையில் எல்லாரும் சேர்ந்து வாங்கியது ஒரே புத்தகம். காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதுகைப் பிரித்து நாலு பாகமாக்கி, சாக்கு நூலால் தைத்து, வீடு வீடாக, காம்பரா காம்பராவாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டும் எங்கள் காம்பராவுக்கு வந்துபோயின.

கண்டிப்பதற்காகத்தான் வாசித்தேன். பக்கத்துக்கு ஒருமுறை நிலா அழுதது. சிரித்தேன். கந்தர்வனுக்கு ஒரு சாபம்: தன் மானிடக் காதலியிடம் அன்பாக ஒரு வார்த்தை சொன்னால் சிறகில் ஓர் இறகு உதிரும். மடையன், சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டாம் பாகத்தின் முடிவில் மொட்டைச் சிறகோடு அவள் வாசலில் வந்து நின்றான். அந்தப் பக்கத்தில் நிலா அழவில்லை. அழுதது நான்தான்.

"மூணாவதத் தேடுறீங்களா?" என்றாள் ஜீவராணி.

"சே! அந்தக் குப்பையையா?"

லயத்தில் குறுக்குச் சுவர் கூரைவரை போவதில்லை. அடுத்த காம்பரா ஷாமிளாவின் குரல் அதன்மேல் ஏறி வந்தது.

"அண்ணே, நேத்து மூக்கு உறிஞ்சினது கேட்டிச்சே. தடிமனா?"

"தடிமன்தான்!"

"எனக்கும் அந்த எடத்துலதான் தடிமன் வந்திச்சுண்ணே."

ஜீவராணி சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "வாசகசாலைச் சாவியத் தாங்க. ஞாயித்துக்கிழம நாலாம் பாகத்த நாங்க எல்லாரும் அங்கன உக்காந்து வாசிக்கப் போறோம்."

"அன்னைக்கு என் பேச்சு இருக்கே, புள்ள."

"அப்ப மூணாவது இல்ல."

"பொம்பளைங்க வந்து உக்காந்தா, கேரம் போர்ட எங்க போடுறது?"

"உங்க பேச்சுக்கு வாறவங்களும் அதுக்குத்தானே வாறாங்க."

சாவியைக் கொடுத்தேன். கொழுந்துக் கூடைக்குள்ளிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்துத் தந்தாள். மலைக்கே கொண்டுபோய் வந்திருக்கிறாள்.

வாங்கிக்கொண்டேன். பிரிக்கவில்லை. இதைத் தொடாமலே இருந்திருக்கலாம். மோசமான புத்தகம், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் உதிர்வதற்கு எனக்கு ஓர் இறகும் கிடையாது. அப்படியிருந்தும் இத்தனை வருடத்தில் அவளிடம் என்ன நல்ல வார்த்தை சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'தேத்தண்ணி சூடா இருக்கு' என்ற ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். ஷாமிளாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினேன்.

"ஜீவா, இன்னைக்கு ரொம்பக் களச்சிட்டியா?"

நிமிர்ந்து பார்த்தாள்.

"அது ரெண்டாம் பாகத்துக் கடைசி வரி," என்றாள். "சொந்தமா ஒண்ணு கேளுங்க."

யோசித்தேன். அவள் குதிகாலில் ஓர் அட்டை கடித்துத் தொங்கியது. உப்புச் சிரட்டையை எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, அதன்மேல் ஒரு சிட்டிகை வைத்தேன்.