அதிபர் துரையின் செம்முனைப் பூச்சி

கண்டிக்குப் பக்கத்துக் குன்றிலிருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் வளவில் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புக்காக ஒரு வாரமாக வலையோடு ஓடியும், அந்த ஒரு பூச்சி மட்டும் ராஜரத்தினம் வாத்தியாருக்கு அகப்படவில்லை.

மற்ற வண்ணத்துப்பூச்சிகளெல்லாம் குண்டூசி குத்தப்பட்டுப் பெட்டியில் கிடந்தன. அகப்படாதது செம்முனைப் பூச்சி. வெள்ளை இறகு, சிவந்த நுனி. போன வருஷம் அதிபர் துரை இதே வளவில் கண்டுபிடித்து, லண்டனுக்கு அனுப்பி, தம் பெயரையே சூட்டிப் புகழ் பெற்ற பூச்சி.

"அது இல்லாமல் ஒரு கணக்கெடுப்பா?" என்றார், அதைப் பார்க்கவே லண்டனிலிருந்து வந்திருந்த பூச்சிப் பண்டிதர்.

"இப்போது பருவமில்லை. விட்டுவிடலாம்," என்றார் அதிபர், அவசரமாக.

தற்காலிக வாத்தியாரான ராஜரத்தினத்தின் கண்முன் நிரந்தர வேலை வந்து நின்றது. "ஏன் துரை, விடவேணும்? குசினிக்குப் பின்னாலதான் திரியுது. நாளைக்குக் காலமை பிடிச்சுத் தாறன்!"

பண்டிதர் கொழும்பு ரயிலை விட்டுவிட்டுத் தங்கிவிட்டார். அதிபரின் முகம் வெளிறியது. பூச்சி அகப்படாவிட்டால் தன் கதி என்னாகுமோ என்று துரைக்கு இவ்வளவு கரிசனையா என ராஜரத்தினம் உருகிப்போனார்.

விடிந்ததும் அம்பிட்டியக் கோப்பித் தோட்டம்வரை ஓடினார். கிடைத்தது வெறும் வெள்ளைப் பூச்சி. அவர் கலங்கவில்லை. நேரே குசினிக்குப் போனார்.

"நல்லம்மா, கொஞ்சம் மஞ்சளும் சுண்ணாம்பும் தா பாப்பம்."

சமையற்காரி நல்லம்மா ஏன் எதற்கென்று கேட்கவில்லை. இரண்டையும் கிண்ணத்தில் சிவக்கக் குழைத்து, ஒரு கோழியிறகையும் செருகிக் கொடுத்தாள்.

"அற்புதம்!" என்று, சிவந்த நுனியோடு வந்து சேர்ந்த பூச்சியை வாங்கிய பண்டிதர், அடுத்த கணம் தம் விரலைப் பார்த்தார். விரல் சிவந்திருந்தது. "இது என்ன?"

ராஜரத்தினம் வாசற்பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"அதுதானே இந்த இனத்தின் விசேஷம்!" என்று அதிபர் குறுக்கே பாய்ந்தார். "தொட்டால் நிறம் ஒட்டும். என்னுடையதும் அப்படித்தான்." ராஜரத்தினத்தின் தோளைத் தட்டினார். "இன்றுமுதல் நீர் நிரந்தர ஆசிரியர்!"

வெள்ளைக்காரரையே ஏய்த்துவிட்ட தன் கைவண்ணத்தை மெச்சியபடி, ராஜரத்தினம் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார். வாசலில் நல்லம்மா நின்றிருந்தாள்.

"வாத்தியாரய்யா, வேல முடிஞ்சிருச்சின்னா கிண்ணத்தக் குடுத்துருங்க. போன வருசம் தொரை வாங்கிட்டுப் போனதே இன்னும் வரல."