பன்னிரண்டு புள்ளடி

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தைப் பாதி வாசித்த சிவபாதசுந்தரம், இனித் தன் ஆயுளில் தேங்காய் துருவுவதில்லை என்று முடிவெடுத்தார்.

சத்தமாக எடுக்கவில்லை. வெள்ளவத்தையில் அந்த நாலாம் மாடி வீட்டில், மனைவி பக்கத்து அறையில் இருக்கும்போது எந்த முடிவையும் சத்தமாக எடுக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

தேங்காய் விவகாரம் இருபத்தைந்து வருஷப் பழசு. கலியாணமாகி வந்த முதல் மாதமே ரதியிடம் அவர் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

"எங்கட வீட்டில துடக்கு நாளில பொம்பிளையள் குசினிக்கும் சாமியறைக்கும் போறதில்லை. அம்மா அதில வலு கவனம்."

அதாவது மாதவிடாய் வந்தால் மூன்று நாள் ரதி ஒதுங்கியிருக்க வேண்டும். அது சட்டம். சட்டம் போட்ட அம்மா அப்போது திடகாத்திரமாக இருந்தார். அந்த மூன்று நாளும் அவரே சமைத்தார். பிறகு அம்மா போய்ச் சேர்ந்தார். சட்டம் போகவில்லை.

கொஞ்சக் காலம் கடைச் சாப்பாட்டில் ஓடியது. பிறகு சிவபாதசுந்தரத்தின் வயிற்றில் புண் வந்தது. இனிக் கடைச் சாப்பாட்டைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரே மகளும் படிக்க வெளிநாடு போய்விட்டாள். மிஞ்சியது அவரும் அடுப்பும். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் அவர் பிரதம எழுதுவினைஞர். பதினேழு பேர் அவருக்குக் கீழே. அப்படிப்பட்டவர் மாதத்தில் மூன்று நாள் விடிய நாலரைக்கு எழும்பி, பனியனோடு தேங்காய்த் துருவலையில் குந்தியிருந்தார்.

ரதி பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. மிச்சம் இருபத்தேழு நாளும் அவள் விடிய நாலரைக்கு எழும்பி, இரண்டு பேருக்கும் சமைத்து, பஸ் பிடித்து, எட்டுப் பாடம் எடுத்து, திரும்பி வந்து மறுபடி சமைத்தாள். இது பத்திரிகையில் வரும் விஷயம் இல்லை. ஆகவே சிவபாதசுந்தரத்துக்குத் தெரியாது.

அந்த மூன்று நாளும் ரதி ஹோல் செற்றியில் கால் நீட்டிப் படுத்திருப்பாள். தலைக்கு மேலே ஃபேன். கையில் ஃபோன். குசினிக்குள் கால் வைக்க மாட்டாள், சட்டம். குரல் வைக்கலாம்.

"என்னப்பா, பருப்பு அடிப்பிடிக்குது."

"உமக்கு எப்பிடித் தெரியும்? அங்க படுத்திருக்கிறீர்."

"மூக்குக்குத் துடக்கில்லை."

நாற்பத்தெட்டு வயதில் ரதியின் உடம்பு அட்டவணையைக் கிழித்துப் போட்டது. ஒரு மாதம் வராது. அடுத்த மாதம் இரண்டு முறை வரும். மூன்று நாள் ஒன்பது நாளாகும். அத்தனை நாளும் சிவபாதசுந்தரம் குசினியில். மரக்கறிக்காரன் அவரைக் கண்டதும், வீட்டு நோனாவுக்கு இன்னும் சுகமில்லையோ என்று சிங்களத்தில் உருக்கமாக விசாரிக்கத் தொடங்கினான்.

அதோடு சூடு. இருந்தாற்போல் நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, முகம், காது என்று ஏறும். ரதி ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாள். பத்தாம் வகுப்பின் விடைத்தாளால் விசிறுவாள். நித்திரை போயிற்று. பெயர்கள் மறந்தன. பிஸ்கட் விளம்பரத்துக்கு அழுதாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சிவபாதசுந்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் மூச்சு விடுறது எனக்குச் சத்தமாக் கேக்குது."

"மூச்சு விடாமல் என்னெண்டு இருக்கிறது?"

"கொஞ்சம் தள்ளிப் போய் விடுங்கோ."

அவர் பால்கனிக்குப் போய் விட்டார். திரும்பி வந்தபோது ரதி அமைதியாகச் சொன்னாள்.

"எனக்கு ஏலாமல் கிடக்கு. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவம். நீங்களும் வாங்கோ."

"இது வருத்தமே, டொக்டரிட்டை ஓட? வயசு. எங்கட அம்மாவுக்கு இதெல்லாம் வரேல்ல."

"வந்திருக்கும். அவ ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்தி வாசித்தார்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நிரந்தரமாக நின்றுவிட்டது என்று கருதலாம் என எழுதியிருந்தது. சிவபாதசுந்தரம் பத்திரிகையை மடித்து வைத்தார். துடக்கு இல்லையென்றால் ஒதுங்கல் இல்லை. ஒதுங்கல் இல்லையென்றால் துருவலை இல்லை. சாமியறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோயில் கலண்டரை எடுத்து, ஏற்கெனவே சும்மா போயிருந்த இரண்டு மாதங்களுக்கும் இரண்டு புள்ளடி போட்டார். இன்னும் பத்து.

ஆடி போனது. மூன்றாம் புள்ளடி. ஆவணி போனது. நாலாவது. கம்பனிக் கந்தோரில் அவர் முகத்தில் ஒரு களை வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

புரட்டாதியில் ரதி செற்றியில் கால் நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஏலாது. குசினியைப் பாருங்கோ."

"துடக்கோ?"

"பிறகென்ன?"

எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போனது. அவர் வாய் திறக்காமல் தேங்காயை உடைத்தார். அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. தொடர்ந்து ஒன்பது மாதம் தவறாமல் வந்தது. ஒன்பதாம் மாதம், கலண்டரை வெறித்துக்கொண்டு நின்ற சிவபாதசுந்தரத்தின் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. ஒன்பது முறையும் பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள், போயா, போயாவுக்கு அடுத்த நாள். போயாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. இரண்டு வருஷமாகத் தலைகால் தெரியாமல் ஓடிய உடம்பு, திடீரென்று அரசாங்க விடுமுறைப் பட்டியலைப் படித்துவிட்டு வருமா?

பொய். ஆனால் எப்படிக் கேட்பது? சாட்சி கேட்கக்கூடிய வழக்கா இது?

எதிர் வீட்டு பைறோஸாவிடம் பேச்சோடு பேச்சாக விட்டுப் பார்த்தார். அவள் ரதிக்கு இரண்டு வயது மூத்தவள், தினமும் பின்னேரம் இரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவர்கள்.

"உங்கட வயசில பொம்பிளையளுக்கு இதெல்லாம் நிண்டிடுமாமே, பைறோஸா?"

"ஆளுக்கு ஆள் வித்தியாசம், அண்ணன். என்னைய கேட்டா எனக்கென்ன தெரியும்? டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உள்ளுக்குப் போனதும் மொத கேள்வியே அதுதான் கேப்பாங்க. கடைசியா எப்ப வந்த எண்டு."

சிவபாதசுந்தரம் தன் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் திட்டம் முழுதாக விளைந்துவிட்டது. புருஷனுக்குப் பொய் சொல்லலாம். டொக்டருக்குச் சொல்ல முடியாது. பக்கத்துக் கதிரையில் அவர் இருப்பார். காது இரண்டும் திறந்திருக்கும்.

"ரதி, நாளைக்கு டொக்டரிட்டைப் போவம். நானும் வாறன்."

"ஏன், இது வயசெல்லே?"

"அப்பிடி விடக்கூடாது. உம்மட உடம்பைப் பாக்க எனக்குக் கவலையாக் கிடக்கு."

ரதி "சரி" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது போலிருந்தது. சிவபாதசுந்தரத்துக்கு ஒரு கணம் மனம் உறுத்தியது. அடுத்த கணம் துருவலை ஞாபகம் வந்தது. உறுத்தல் நின்றது.

டொக்டர் புளோறன்ஸ் அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனுஷி. ஒரு பேச்சுக்குக்கூடச் சிரிக்கவில்லை. பேனையைத் திறந்தார்.

"கடைசியா எப்ப வந்தது?"

சிவபாதசுந்தரம் கதிரையில் நிமிர்ந்தார்.

"பதினாலு மாசமாச்சு, டொக்டர்" என்றாள் ரதி. ஒரு செக்கன்கூட யோசிக்கவில்லை. "போன வருஷம் சித்திரைப் புதுவருஷத்துக்கு ரெண்டு நாள் முந்தி."

"அப்ப நிண்டுட்டுது. ஒரு வருஷம் தாண்டினாச் சரி."

சிவபாதசுந்தரம் கைதட்டாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். தீர்ப்பு வந்துவிட்டது. டொக்டர் வாயால். எழுத்தில்.

"அப்ப எல்லாம் முடிஞ்சுது, டொக்டர்?" என்றார் மலர்ந்த முகத்தோடு.

"மாதவிடாய் முடிஞ்சுது. மற்றது முடியேல்ல. இந்தச் சூடு, வேர்வை, நித்திரையில்லாதது, சிலருக்கு நாலைஞ்சு வருஷம் இருக்கும். சிலருக்கு இன்னும் இழுக்கும்."

பத்திரிகையில் இப்படி இருக்கவில்லை. ஒருவேளை இருந்திருக்கலாம், அவர்தான் பாதிப் பக்கத்தோடு முடிவெடுத்துவிட்டார்.

"சூடு எந்த நேரத்தில கூட வருது?" டொக்டர் ரதியைக் கேட்டார்.

ரதி கைப்பையிலிருந்து ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்தாள். விரித்தாள். வரைபடம் போட்டிருந்தது. சிவப்பு மை, நீல மை.

"ஒன்பது மாசமாக் குறிச்சுக்கொண்டு வந்தனான், டொக்டர். போன மாசம் மட்டும் எழுபத்தொரு தரம். அதில ஐம்பத்திமூண்டு குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில. விடிய நாலரையும் பின்னேரம் ஆறு மணியும்தான் மோசம்."

"இந்த இடத்தில கோடு விழுந்து போய்க் கிடக்கே. ஒவ்வொரு மாசமும் ஒரு மூண்டு நாள்."

"ஓம். அந்த மூண்டு நாளிலயும் சேத்து ரெண்டு தரம்தான் வந்தது. நித்திரையும் வந்தது."

"ஏன்? அந்த நாளில என்ன வித்தியாசம்?"

"அந்த நாளில இவர்தான் சமையல்."

டொக்டர் புளோறன்ஸ் முதன்முறையாகத் திரும்பி சிவபாதசுந்தரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீங்கள் சமைப்பீங்களோ?"

"சும்மா, ஏதோ, மூண்டு நாளைக்கு…"

"நல்லாச் சமைப்பார், டொக்டர்" என்றாள் ரதி. "வருஷக்கணக்காச் சமைக்கிறார். தேங்காய் துருவினாரெண்டால் சிரட்டை தெரியும்."

"அப்ப பிறகென்ன. மருந்து எழுதித் தாறன், அதோட அடுப்புச் சூட்டில நிக்கிறதை ஏலுமானவரைக்கும் குறைக்க வேணும். எல்லா வீட்டிலயும் இப்பிடிச் சொல்லுறனான், சமைக்க ஆளில்லை எண்டுவினம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை." மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் வரவேண்டும், அந்தக் கொப்பியும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஓட்டோ காலி வீதியில் ஊர்ந்தது. பம்பலப்பிட்டி தாண்டியதும் சிவபாதசுந்தரம் ரதியின் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது மாசம். பொய் சொன்னீர்."

"ஓம்."

"சாமியறையை வச்சுக்கொண்டு பொய்."

"சாமிக்கு அப்பவே சொல்லிப் போட்டன்."

"பைறோஸாவுக்கு?"

"நீங்கள் கேட்டு வந்தால் டொக்டரின்ர கேள்வியைச் சொல்லச் சொன்னதே நான்தான். நான் கூப்பிட்டால் வாறீங்களில்லை. என்ர பொய்யைப் பிடிக்கிறதெண்டால் வருவீங்கள்தானே."

"நேராச் சொல்லியிருக்கலாம். ஏலாமல் கிடக்கு, ஒருக்காச் சமையுங்கோ எண்டு."

ரதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் ஒரு துண்டுக் கடல் வந்து போனது.

"ரெண்டு வருஷமாச் சொன்னனான். ஏலாது எண்டு சொன்னா அம்மாவுக்கு வரேல்ல எண்டீங்கள். துடக்கெண்டு சொன்னா ஒரு கதை இல்லாமல் எழும்பிப் போனீங்கள். எனக்குப் படுக்க வேறை வழி தெரியேல்ல."

சிவபாதசுந்தரத்துக்கு வெட்கமாக இருந்தது. அது உண்மையான வெட்கம். வெள்ளவத்தைச் சந்தைவரைக்கும் நீடித்தது. வீட்டுப் படி ஏறும்போது அவருக்குள் இருந்த பிரதம எழுதுவினைஞர் விழித்துக்கொண்டார். டொக்டர் முப்பது நாளும் என்று சொல்லவில்லையே. குறைக்க வேணும் என்றுதானே சொன்னார். பேசித் தீர்த்தால் பழைய கணக்கிலேயே தப்பித்துவிடலாம். நாலாம் மாடியில் சாவியைப் போட்டுக்கொண்டே, பெருந்தன்மையாகத் தொண்டையைச் செருமினார்.

"ரதி, நடந்தது நடந்து போச்சு. துடக்கு இருக்கோ இல்லையோ, இந்த வீட்டில ஒராள் மூண்டு நாள், மற்ற ஆள் இருபத்தேழு நாள் எண்டுதானே வழக்கம். அதை நாங்கள் மாத்த வேண்டாம்."

"மாத்த வேண்டாம்" என்றாள் ரதி. உள்ளே போய், ஃபேனை ஐந்தில் வைத்து, செற்றியில் கால் நீட்டினாள். "அந்த மூண்டு நாளும் நான் சமைக்கிறன்."