இருபத்தைந்து சுவருக்கு ஒரு ஸ்டென்சில்

மூன்றாவது சுவரிலேயே, எழுத்து வெட்டிய அட்டை ஊறிவிட்டது. ஜெயசித்ரா உரித்தபோது ஒரு மூலை பிய்ந்து கையோடு வந்தது.

"‘இங்கே குப்பை கொட்டா’ன்னு நிக்குது. மீதிய படிக்கிறவன் இஷ்டத்துக்கு விட்டுட்டியா?" என்றான் மறுமுனையைப் பிடித்திருந்த கணவன் வெள்ளைச்சாமி.

ஜெயங்கொண்டத்தில் இருபத்தைந்து சுவர், ஐந்து நாள். ஆறடி வாசகம் எல்லாச் சுவரிலும் அச்சடித்தது போல இருக்க வேண்டும் என்று கவுன்சிலர் சிங்காரவேலு சொல்லியிருந்தார். பத்து வருடம் பிறரிடம் பெயின்ட் அடித்தவள் சொந்தமாக எடுத்த முதல் வேலை.

"அட்டை தண்ணிய குடிக்குதுங்க. தகரத்துல வெட்டிருவோம்," என்று அதை அங்கேயே வீசினாள்.

தகரத்தை வெட்டவே ஒருநாள் போயிற்று. இரண்டு சுவர் ஒழுங்காக வந்தது. அடுத்ததற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"கை சுடுது ஜெயா."

"இன்னும் ரெண்டே எழுத்துதாங்க."

அப்போது பார்த்துக் காற்று அடித்தது. வெள்ளைச்சாமி கையை விட, தகரம் கல்லில் விழுந்து வளைந்தது. அதன்பின் அது சுவரோடு ஒட்டவேயில்லை.

அதையும் சுவரடியில் போட்டுவிட்டு, பழைய காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை வெட்டினாள். அது தொய்ந்தது. பெயின்ட் அடியில் கசிந்து, ‘குப்பை’யின் புள்ளி லட்டு அளவுக்கு உப்பியது.

நான்காம் நாள் காலை பதினெட்டுச் சுவர் பாக்கி. ஹார்டுவேர் கடை செந்தில்குமாரிடம் போய் நின்றாள்.

"தண்ணி குடிக்கக் கூடாது, லேசா இருக்கணும், செவுத்துல படியணும். அவ்வளவுதானக்கா?" என்று ஒரு மில்லிமீட்டர் பி.வி.சி. ஷீட்டை உருவிப் போட்டார் அவர். "வளையும், ஒடியாது. மொதல்லயே கேட்டிருக்கலாம்ல."

எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழாமல், நடுவில் சிறு இணைப்பு விட்டு வெட்டினாள். ஈரத்துணியால் ஒரு துடை, அடுத்த சுவர். ஐந்தாம் நாள் மாலைக்குள் பதினெட்டும் முடிந்தது. கெட்டுப்போன சுவர்களையும் வெள்ளையடித்துத் திருத்தியிருந்தாள்.

சிங்காரவேலு ஒவ்வொரு சுவராகப் பார்த்து வந்தார். "பெரம்பலூர்க்காரர் ஒருத்தர் இதப் பாத்துட்டு, நாப்பது சுவருக்கு உன்னக் கேக்குறாரும்மா."

ஜெயசித்ரா கணவனைப் பார்த்தாள். அவன் தகரம் சுட்ட கையை மறந்து சிரித்தான்.

தள்ளுவண்டியோடு வந்த துப்புரவுப் பணியாளர் அம்மாக்கண்ணுவைக் கவுன்சிலர் நிறுத்தினார். "எழுதினப்பறம் குப்பை கொறஞ்சிருக்கா?"

"ஊருசனம் சுத்தமா நிறுத்திடுச்சுங்க. இந்த வாரம் செவுத்தடியில நான் அள்ளுனது பூரா இந்தப் பொண்ணு போட்டதுதான்."