கோளாறு வயரில் இல்லை, அத்தை

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

மூத்த மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகளும் பேரனும் நானும் இருக்கிறோம். வழக்கமாக ‘நலமாக’ என்று ஒரு வார்த்தை இடையில் சேர்ப்பேன். இந்த முறை அதற்கு முன் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே உங்கள் முழங்கால் வலி, மாமாவின் இருமல், உங்கள் இளைய மகள் வீட்டு நிலவரம் எல்லாம் அறிய ஆவல்.

நேற்று போனில் நீங்கள், “பொண்ணுக்குக் கண்ணு கூசுதுன்னு வீட்டு வயரையே மாத்தின மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பாங்க” என்றீர்கள். எதிர்வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அந்தப் பாராட்டு எனக்கு உரியதில்லை. உங்கள் மகள் உங்களிடம் ‘கண் கோளாறு’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள்.

நடந்தது இதுதான். பேரனுக்கு ஒன்றரை வயது ஆனதும், அடுத்த குழந்தைக்குக் கொஞ்ச காலம் இடைவெளி விடலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். இதை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. மாமாவுக்குப் படித்துக் காட்டுவதானால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். “டாக்டரம்மாவை ஒரு தடவை பார்த்துக் கேட்டுட்டு வந்துடலாம்” என்றாள் உங்கள் மகள். “இதுக்கெல்லாம் எதுக்கு அரை நாள் உட்காரணும், நான் பார்த்துக்கறேன்” என்றேன். மருந்துக்கடைக்கு வயரிங் செய்து கொடுத்தவனே நான்தான். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு மாத்திரைப் பெட்டியை எடுத்து நீட்டி, “எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க” என்றார். உள்ளே ஒரு தாள் இருந்தது. விரித்தால் மேசை விரிப்பு அளவு, எழுத்தோ எறும்பு ஊர்ந்தது மாதிரி. அதைத் திரும்ப மடிக்கத் தெரியாமல் குப்பையில் போட்டேன். ஒரு ஃபேன் வாங்கினால்கூட உள்ளிருக்கும் தாளை இரண்டு முறை படிக்கிறவன் நான்.

அதைச் சாப்பிடத் தொடங்கிய மூன்றாவது மாதம் ஒருநாள் சமையலறையிலிருந்து உங்கள் மகள், “பார்வை ஓரத்துல ஏதோ வெளிச்சம் நெளியுதுங்க, மினுக் மினுக்னு” என்றாள். எலக்ட்ரீஷியன் காதில் மினுக் மினுக் என்று விழுந்தால் அவன் புத்தி எங்கே போகும்? டியூப்லைட்டை மாற்றினேன். மறுவாரம் படுக்கையறையிலும் தெரிந்தது, சோக்கை மாற்றினேன். அப்புறம் துணி காயப்போடும் இடத்தில், பட்டப்பகலில் தெரிந்தது. “வெளியிலயும் வருதே” என்றாள். “உள்ளே பார்த்த வெளிச்சம் கண்ணுல ஒட்டியிருக்கும்” என்றேன். அத்தை, இப்படி ஒரு பதிலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. வெளிச்சம் வந்த அரை மணி நேரத்தில் தலை பிளக்கிற மாதிரி வலி வரும்; அவள் ஜன்னலை மூடிவிட்டு, ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வயரிங் முழுக்கப் பழசு, அதுதான் காரணம் என்று நான் முடிவுகட்டி, தலைவலியோடு கிடந்தவளின் தலைமாட்டிலேயே நின்று சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து, “வாடகைக்கு விட்டது வீட்டைத்தான், சுவரை இல்லை” என்று கத்திவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை, அதுதான் இப்போது என்னை அரிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றவள், “வலது கை மரத்துப்போச்சு, விரலெல்லாம் ஜிவ்வுங்குது” என்றாள். ஷாக் என்று நினைத்தேன். அவளை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு மெஷினை இழுத்துப் போட்டு, டெஸ்டர் வைத்து, எர்த் வயரைப் பிரித்துப் பார்த்து, “துளிகூடக் கசிவு இல்லை” என்று பெருமையாகத் திரும்பினேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். “தலை… தலையணை கொடுங்க” என்றாள். அவள் விரல் காட்டியது தண்ணீர்க் குடத்தை. கேட்க நினைத்தது தண்ணீர், வாயில் வந்தது தலையணை; கோளாறு வயரில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்துத் தையல்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

போய்ச் சேர்வதற்குள் பேச்சு சரியாகிவிட்டது. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா, “தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, “எதுவும் இல்லைங்க” என்றேன். பொய் சொல்லவில்லை அத்தை. நோய்க்குச் சாப்பிடுவதுதான் மாத்திரை என்று நினைத்திருந்தேன். உங்கள் மகள் மெதுவாக, “குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, நாலு மாசமா” என்றாள்.

“யார் எழுதிக் கொடுத்தது?”

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

“முன்னாடி பி.பி. பார்த்தாங்களா? தலைவலி வருமா, அதுக்கு முன்னால வெளிச்சம் தெரியுமான்னு யாராவது கேட்டாங்களா?”

“கடைக்காரர் சில்லறை இருக்கான்னுதான் கேட்டாருங்க” என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “மாத்திரை மேல குத்தம் இல்லை, நிறைய பேருக்கு நல்லபடியா ஒத்துக்குது. ஆனா இந்த மாதிரி ஒற்றைத் தலைவலி இருக்கறவங்க இந்த வகையைத் தொடவே கூடாது. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கற ஆபத்து கூடும். இன்னிக்கு அடைப்பு இல்லை. அதுக்காக நாளைக்கும் இருக்காதுன்னு சொல்ல முடியாது” என்றார். அன்றே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போதைக்கு இடைவெளி விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்; அதற்கு மேல் உங்களுக்கு எழுத மாட்டேன்.

வெளிச்சம் தெரிகிறது என்று அவள் பதினோரு தடவை சொன்னாள், அத்தை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பதினோரு தடவையும் நான் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே என்னைப் பற்றி எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னதை மாற்றிச் சொல்லிவிடவும்.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் அன்பு. ஆசீர்வாதம் உங்கள் மகளுக்கும் பேரனுக்கும் போதும், எனக்கு வசவு.

தலைகுனிந்து,
மூத்த மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மகள் வாங்கிப் படித்தாள். “இது எங்க வீட்டுத் தலைவலிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போகும், இப்பத்தான் வாரா வாரம் வந்துது. அம்மாவுக்கும் உண்டு, சின்னவளுக்கும் உண்டு” என்றாள். சொன்னவள் சட்டென்று போனைத் தேடி எடுத்தாள். “அவளும் இதே மாத்திரைதான் சாப்பிடறா. போன மாசம் நீங்க கொண்டுபோய்க் கொடுத்தீங்களே ஒரு பொட்டலம், அதுல இருந்தது அதுதான். நல்லா இருக்குன்னு நான்தான் சொன்னேன்.” சின்னவள் போனை எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு இப்போது பஸ் ஏறுகிறேன். நேரில் சொல்ல எனக்கு நா எழாது. கதவைத் திறந்ததும் கடைசிப் பக்கம் மேலே தெரிய இதைத்தான் நீட்டுவேன். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம், மன்னிப்பும் வசவும் பிறகு ஆகட்டும். இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு, பக்கத்துத் தெருவுக்கு ஆளனுப்பிச் சின்னவளைக் கூப்பிடுங்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறேன். டாக்டரிடம் அவள் உடனே கிளம்பட்டும்.