டிரைவர் போக ரெண்டு சீட்டு

புருஷன்மார் எதையாவது "சும்மா பாத்துட்டு வருவோம்" என்று சொன்னால், மனசுக்குள் அதை வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் நிறுத்தியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளும், டிராக்டரும், தண்ணீரே பார்க்காத இரண்டு போர் குழிகளும் இவர் சும்மா பார்க்கப் போய் வந்தவைதான். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே, "ஏட்டி, ஒரு ஏரோப்பிளேன் வருது. சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார்.

நான் ரசக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டேன்.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு ஜின்னிங் பாக்டரி இருந்தது. பருத்தியில் கொட்டை வேறு, பஞ்சு வேறாகப் பிரிக்கிற தொழில். அதற்கு எதற்கு ஏரோப்பிளேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "கோயம்புத்தூர்ல பஞ்சு வெலை ஏறுச்சுன்னா மத்தியானத்துக்குள்ள நான் அங்கன நிப்பேன்" என்றார். (உண்மைக் காரணம் வேறு. ராயகிரியில் இருக்கிற என் தங்கை வீட்டுக்காரர் அந்த மாசம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார்.)

"பணத்துக்கு எங்க போவீங்க?"

"புளியங்குடித் தோப்பைக் குடுத்துட்டா முடிஞ்சிரும்."

"யாரு தோப்பை?"

"நம்ம தோப்பைத்தான்."

நம்ம தோப்பாம்! என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த எலுமிச்சைத் தோப்பு அது. இந்த உலகத்தில் என் பெயரில் இருந்த ஒரே சொத்து. தண்ணீர் பாய்ச்ச ஆள் வராத நாளில் அது "உன் தோப்பு"; விற்கிற அன்றைக்கு மட்டும் "நம்ம தோப்பு". அழுது பார்த்தேன், பட்டினி கிடந்தேன், பேசாமல் இருந்தேன். மனுஷன் அசையவில்லை. கடைசியில், சரி, நானும் கூடவே போய் ஒன்றுக்கு ஒன்பது குறை சொல்லி அந்த வண்டியைக் கழித்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். சேலைக் கடையில் எத்தனை சேலையைக் கழித்திருக்கிறேன், இது என்ன பெரிய விஷயம்!

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு காய்ந்த குளத்தில் அது நின்றது. லாரியில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள். கட்டிலுக்குக் கொசுவலை கட்டி, பின்னால் ஒரு மோட்டாரை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. விற்க வந்த மெட்ராஸ்காரரை எல்லாரும் கேப்டன் என்றார்கள். இவர் டிராக்டரைத் தட்டிப் பார்ப்பதுபோல இறக்கையைத் தட்டினார்.

"ஸ்டெப்னி எங்கன இருக்கு?"

"ஸ்டெப்னி கிடையாது சார்."

"ஹாரன்?"

"மேல யாருக்கு சார் ஹாரன் அடிக்கப் போறீங்க?"

"ஹாரன் இல்லாத வண்டி நமக்கு வேண்டாங்க" என்று நான் சந்தோஷமாக உள்ளே புகுந்தேன். "நீ சும்மா கெட" என்றுவிட்டு, இவர் சீட்டைக் குனிந்து பார்த்தார். "ஆமா, டிரைவர் எங்கன உக்காருவான்?"

கேப்டன் ஒரு சீட்டைக் காட்டினார். "இதுல நான். பக்கத்துல நீங்க."

"அப்ப இவா?"

"இது டூ சீட்டர் சார்."

"அதைத்தான வே நானும் சொல்லுதேன். டிரைவர் போக ரெண்டு சீட்டு!"

எங்கள் வீட்டில் காரில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால் டிரைவரை யாரும் கணக்கில் சேர்த்ததே கிடையாது. அந்தப் பழக்கத்தில் மனுஷன், நல்லநாள் பார்த்து ஜோடியாகக் கோபுரத்தைச் சுற்றி வந்து மேலேயிருந்தே சாமி கும்பிடப் போகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவர் முகம் விழுந்ததைப் பார்த்ததும், என் தோப்பு பிழைத்தது, கோமதித் தாயே, என்று கும்பிட்டேன்.

கேப்டன் விடவில்லை. "நீங்களே ஓட்டப் பழகிட்டா நீங்களும் மேடமும் போகலாமே. ஒரு ரவுண்டு வாங்க சார்" என்றார்.

இவருக்கு வேர்த்தது. "மொதல்ல இவளைக் கூட்டிட்டுப் போங்க. பயந்தவ. இவளே ஏறி இறங்கிட்டான்னா பொறவு பேச்சே இல்லை, வாங்கிருவோம்" என்றார். (யார் பயந்தவர் என்பது அங்கே நின்ற பாக்டரி ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.) நான் வேறு கணக்குப் போட்டேன். ஏறி இறங்கி, நெஞ்சு வலிக்கிறது என்று சுருண்டு விழுந்தால் கதை முடிந்தது. ஏறிவிட்டேன்.

இடுப்பில் வார் போட்டுக் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு கம்பி எதிரே நின்றது. "கொஞ்சம் ஆடும், நல்லா பிடிச்சுக்கங்கம்மா" என்றார் கேப்டன். தென்காசி பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பழகிய கை என்ன செய்யும்? எதிரே நின்றதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பொய் சொல்லக்கூடாது, மேலே போனதும் நன்றாகத்தான் இருந்தது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது. கரிசல் காடு விரித்துப்போட்ட ஜமுக்காளம் மாதிரி கிடந்தது. அப்புறம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் கம்பியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். மூக்கு வானத்தைப் பார்த்தது.

"விடுங்கம்மா!" என்று அலறினார் கேப்டன்.

"விட்டா விழுந்திருவேன்லா!"

"விடலைன்னா ரெண்டு பேரும் விழுந்துருவோம்மா! விடுங்கம்மா!"

அவர் கையில் இருந்த அதே ஸ்டியரிங்தான் என் கையிலும் இருக்கிறது என்று எந்தப் பாவியாவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நான் கண்ணை இறுக்க மூடி, இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். அந்த மனுஷன் எப்படியோ என்னோடும் கம்பியோடும் மல்லுக்கட்டி, குளத்துக்கரை உடங்காட்டு முள்மரங்களுக்குள் கொண்டுபோய் இறக்கினார். ஒரு இறக்கை ஒரு மரத்தில், சக்கரம் இன்னொரு மரத்தில். எங்கள் இரண்டு பேருக்கும் முள் கீறலோடு போயிற்று.

இவர் வேட்டி அவிழ ஓடிவந்து, என் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் கேப்டன் தரையில் உட்கார்ந்து, "புது வண்டிம்மா... புது வண்டிம்மா..." என்று அழுதார்.

உடைத்ததற்குக் கொடுக்கத்தானே வேண்டும்? தோப்பு போயிற்று. வாங்கியிருந்தாலாவது வாசலில் ஒரு ஏரோப்பிளேன் நின்றிருக்கும். வாங்காமலே போயிற்று. என் பெயரில் இருந்ததால் பத்திரத்தில் கையெழுத்தும் நான்தான் போட்டேன். எதைக் காப்பாற்ற ஏறினேனோ அதை என் கையாலேயே முடித்தேன். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போதும் காரில் புளியங்குடியைத் தாண்டும்போது அந்த மரங்களைக் கண்டால் என்னால் சும்மா வர முடியாது. "இன்னைக்கு இருந்திருந்தா..." என்று வாயைத் திறந்ததுமே என் பையன்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "விடுங்கம்மா!" என்பார்கள். மருமகள்கள் சிரித்து உருளுவார்கள். முன்சீட்டில் இவர் காது கேட்காதவர் மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார்.

"அன்னைக்கே விட்டிருந்தா இன்னைக்கு நீங்க இதைச் சொல்லவே வேண்டாம்லா, எடுவட்ட பயலுவளா!" என்று திட்டிவிட்டு, தோப்பு கண்ணுக்கு மறைகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.