ஆடி மாதத்தில் எஞ்சினை இறக்கினேன்

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த ஆடிக்கு என் லாரி என் மனைவி வீட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் போகாது என்று முடிவு செய்தேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டில் அது முடிவாக இருக்காது.

காரணம் என் மச்சான் சுப்பிரமணி. ரேஷன் கடையில் எடை போடுகிறவன். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. முந்தின ஆடியில் ஒரகடத்திலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தான்.

"மாமா, ஆரன் அடிங்க. மாமா, மாடு. மாமா, மூணாவது கியருக்கு வந்துடுங்க."

முப்பது வருஷமாக ஜல்லி லோடு அடிக்கிறவன் நான். பின்னால் நாற்பது உறவுக்காரர்கள், ரெண்டு ஆடு. அத்தனை பேரில் ஆடுகள் மட்டும்தான் எனக்கு யோசனை சொல்லவில்லை.

அந்த வருஷம் நல்லவேளையாக லாரியில் ஆயில் ஒழுகியது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ஆயில் சீல் போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்கினால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். எனக்கு ஒரு நாள் போதாது. ஆடி முடிகிற வரைக்கும் வேண்டும்.

கூட்டு ரோட்டில் மெக்கானிக் நரசிம்மன் ஷெட். என் மனைவி பாப்பம்மாளின் ஊர்க்காரன். பத்து வருஷமாக என்னை மாமா என்கிறான். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எஞ்சினை எறக்குடா."

"சீலுக்கு எதுக்கு மாமா எஞ்சினு? கியர்பாக்ஸ எறக்கினா போதுமே."

"வண்டி உன்னுதா என்னுதா?"

இறக்கினான். செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்கியது. எனக்குச் சாமி தரிசனம் ஆனமாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"எஞ்சின் எறங்கிடுச்சும்மே. இந்த வருசம் கோயிலு கஷ்டந்தான்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்:

"போனாப் போவுதுங்க. வண்டிதான் முக்கியம். எறக்கினது எறக்கிட்டீங்க, கையோட கையா மத்ததையும் பாத்துடுங்க."

"இன்னாத்த?"

"கிளச்சு பிளேட்டு. எஞ்சினத் தாங்குற ரப்பரு. ரேடியேட்டரு ஓஸு. எலி கடிச்ச ஒயரு. தெனம் நீங்கதான பொலம்புவீங்க?"

முப்பத்தோரு வருஷத்தில் அவள் 'போனாப் போவுது' என்று சொன்னதே இல்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றும் ரெண்டு நாள். சாமான் கிடைக்கவில்லை என்று இன்னும் பத்து நாள். ஆடி போயே போய்விடும்.

"ஸ்பேர் மெட்ராஸ்லேந்து வரணும். பத்து நாளாவும்."

"ஆவட்டுங்க."

மறுநாள் விடிகாலையில் பழைய கிளச்சு பிளேட்டையும் ஓஸையும் கூடையில் போட்டுக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறிவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூடையோடு திரும்பினாள். எல்லாம் புதுசு.

"சிந்தாதிரிப்பேட்டயில ஒருத்தன் டூப்ளிகேட்ட எடுத்து நீட்டினான். பழசு எடைக்கு இது கம்மியாக்கீதே நைனான்னேன். உள்ள போயி வேற எடுத்தாந்தான்."

நாலே நாளில் நரசிம்மன் எல்லாவற்றையும் மாட்டிவிட்டான். இவள் தினமும் மோர் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். மோர் கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஆடி முடிய இன்னும் ரெண்டு வாரம். எனக்கு வேர்த்தது.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவளே ஆரம்பித்தாள்.

"எஞ்சினு பொக தள்ளுதுன்னீங்களே. அத மட்டும் இப்ப தொட்டுடாதீங்க. பிஸ்டனு, ரிங்குன்னு பிரிச்சா எப்ப முடியுமோ!"

சோறு பாதியில் இருந்தது. கையைக் கழுவிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன்.

"நரசிம்மா, எஞ்சினை முழுசாப் பிரி. பிஸ்டன், ரிங், லைனர், அத்தனையும் புதுசு."

"நெசமாவா மாமா?"

அவன் சிரித்த மாதிரி இருந்தது. கிரீஸ் பூசின முகம். சரியாகத் தெரியவில்லை.

அப்புறம் அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். நாள் ஓடினால் சரி. கேபினில் எஞ்சின் மூடிமேல் பஞ்சு வைத்து ரெக்ஸின் தைக்கலாமா என்றாள்.

"அது மேல யாரு உக்காரப் போறா?"

"சூடு வராதுங்க."

"தை."

பின்னால் ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி வைக்கலாமா என்றாள். ஜல்லி படியில் ஏறாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "வை" என்றேன்.

கடைசி ஆடி ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம். தெருவில் ஒரு லாரி சத்தம். புகை இல்லை, உதறல் இல்லை. யாருடையதோ நல்ல லாரி என்று எட்டிப் பார்த்தேன். என்னுடையது. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியிருந்தது. ஓட்டிவந்தவன் நரசிம்மன். பின்னால் புது இரும்புப் படியில் அவன் பெண்டாட்டி இறங்குகிறாள். கூடவே சடை விழுந்த தலையோடு ரெண்டு குழந்தைகள்.

"உன் வூட்டு ஆளுங்க எதுக்குடா?"

"எங்களுக்கும் அந்தக் கோயிலுதான் மாமா. அக்காவுக்கு நாங்க பங்காளி. ரெண்டுக்கும் மொட்ட பாக்கி."

மரியாதை இல்லை. உறவு.

ஒரு கடைசி அடி அடித்துப் பார்த்தேன். "புது எஞ்சின். லோடு ஏத்தக் கூடாது."

பாப்பம்மாள் தலையை ஆட்டினாள்.

"அதத்தான் நானும் சொல்றன். புது ரிங்கு போட்டா ஆயிரம் கிலோமீட்டருக்கு ஜல்லி ஏத்தக் கூடாது. நாப்பதுக்கு மேல ஓட்டக் கூடாது. லேசான லோடாப் பாத்து மெதுவாப் போவணும். முன்ன ஒருவாட்டி எஞ்சின் செஞ்சப்ப நீங்கதான சொன்னீங்க? ஒரு மாசம் வைக்கோலு ஏத்திக்கினு திரிஞ்சீங்களே!"

முப்பது வருஷம் லாரிக்காரன். நாளை எண்ணின அவசரத்தில் இதை மறந்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை.

"ஏம்மே, நாப்பது ஆளு லேசா?"

"ஜல்லியவிட லேசுதாங்க."

நரசிம்மன் வேப்பிலையைச் சரி செய்தான்.

"கோயிலுக்குப் போவ வர தொண்ணூறு" என்று அவள் விரலை மடக்கினாள். "மிச்சம் தொள்ளாயிரத்திப் பத்து. திருத்தணி, மேல்மலையனூரு, திருவண்ணாமல, திருப்பதி. சுப்பிரமணிகிட்ட சொல்லிட்டன். ரேசன் கடைக்கு லீவு போடறானாம்."

ஒரு சீல். ஒரு நாள் வேலை. மாற்றிவிட்டு என் வேகத்தில் ஓட்டியிருந்தால் ஞாயிறு மத்தியானத்தோடு முடிந்திருக்கும். வருஷத்தில் அவள் தன் ஜனங்களோடு இருக்கிறது அந்த ஒரு நாள்தான். அதைப் பிடுங்கப் பார்த்தேன். நேராகக் கேட்டிருந்தால் சுப்பிரமணியைப் பின்னால் ஆடுகளோடு உட்கார வைத்திருப்பாளோ என்னமோ. கேட்கத் தெரியவில்லை.

ஞாயிறு விடியலில் கிளம்பினோம். பஞ்சு வைத்த ரெக்ஸின்மேல் சுப்பிரமணி வசதியாக உட்கார்ந்தான். அங்கிருந்து ஸ்பீடு மீட்டர் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. வாலாஜாபாத்கூடத் தாண்டவில்லை.

"மாமா, நாப்பத்தொண்ணு."