வெள்ளிக்கிழமைக் கோழி

எங்கள் வீட்டு விறாந்தையை ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். உயிரே போனாலும் இல்லை. மனைவி கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, மெல்லிய குரலில் இந்தத் தீர்மானத்தை எடுத்தேன்.

விறாந்தை பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் எட்டடி அகலம், மேலே தகரம். ஆனால் யுத்தத்தில் இடம்பெயர்ந்து கூடாரம் கூடாரமாக அலைந்தவனுக்கு அது அரண்மனை. சிலாவத்துறைக்குப் பக்கத்தில் எங்கள் கரைக்குத் திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்ததும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு சாய்மனைக்கதிரை. மீன்பிடித்துக் கடலால் வந்து குளித்துவிட்டு அதில் சாய்ந்தால், றோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் எனக்குக் காட்டுவதற்காகவே போவது போலிருக்கும்.

அந்த விறாந்தை என் மனைவி அன்ரோனெற்றுக்கு வேண்டுமாம். சாப்பாட்டுக்கடை போடப் போகிறாளாம்.

"கந்தோர்காரர், ரீச்சர்மார், றோட்டு வேலை செய்யிற ஆக்கள், எல்லாரும் மத்தியானம் எங்க சாப்பிடுறது?"

"சந்தியில புதுக்கடை இருக்கே. கொழும்பு முதலாளி. கண்ணாடிக் கதவு, எந்த நாள் என்ன சாப்பாடெண்டு அச்சடிச்ச அட்டை."

"அங்க சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்ன கதை?"

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும், அதனால் நான் குறுக்கே நிற்பதில்லை. அந்தக் கண்ணாடியையும் பளபளப்பையும் ஒருதரம் கண்டால் இவள் தானாக அடங்கிப்போவாள் என்று நினைத்தேன்.

"இஞ்ச பார், ரெண்டு பேரும் ஒரு நாள் அங்க போய்ச் சாப்பிடுவம். அதைவிட நல்லா நடத்துவன் எண்டு பிறகும் நீ சொன்னா, விறாந்தை உனக்கு. கதிரையும் உனக்கு."

கதிரையைச் சேர்த்தது வாய்க்கொழுப்பு.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கள் சொன்னாச் சரி. வாற வெள்ளிக்கிழமை போவம்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. கலியாணத்தன்று கோயிலில் சுவாமியாரே சம்மதமா என்று இரண்டு தரம் கேட்கவேண்டி வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனோம். பன்னிரண்டு மேசை. ஒன்றிலும் ஆளில்லை.

"பெரிய கடையெண்டா இப்பிடித்தான் அமைதியா இருக்கும்" என்றேன். அவள் வெறும் மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பரிமாற வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் அமிர்தநாயகம் என்று பெயர் குத்தியிருந்தது. ஏதோ கந்தோரில் முப்பது வருசம் இருந்து பென்சன் எடுத்தவர் என்று பிறகு அறிந்தேன். வாயைத் திறந்ததுமே அது எனக்கு விளங்கிவிட்டது.

"ஐயா, ரெண்டு மீன் சாப்பாடு."

"மீன் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கோழி."

கண்ணாடிக்கு வெளியே ஒரு சைக்கிள்காரர் பெட்டி நிறையப் பாரைமீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

கோழி என்றதும் அன்ரோனெற் சிலுவை அடையாளம் போட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம். வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். மீன் ஆகும், இறைச்சி நாக்கில் படக்கூடாது.

"அப்ப கோழியை விட்டிட்டு சோறும் பருப்பும் தாங்கோ."

"கோழி இல்லாமல் கோழிச் சாப்பாடு தர ஏலாது."

"காசு முழுசாத் தாறம் ஐயா. கோழியை வேறை கோப்பையில வையுங்கோ."

அவர் அட்டையை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். "வேறை கோப்பை அட்டையில இல்லை."

சாப்பாடு வந்தது. சோற்றின் உச்சியில் கோழிக்கால், அடிவரைக்கும் குழம்பு. ஓரத்தில் தப்பிப் பிழைத்தது ஒரு பப்படமும் இரண்டு வெள்ளரித் துண்டும். பப்படம் கடித்தால் நொறுங்கவில்லை, வளைந்தது.

"இன்னொரு பப்படம் தருவியளோ?"

"ஒரு சாப்பாட்டுக்கு ஒரு பப்படம். அட்டையில போட்டிருக்கு."

அன்ரோனெற் வெள்ளரித் துண்டை ஆறுதலாகக் கடித்தபடி சுற்றிலும் பார்த்தாள். "பாவம் இந்த முதலாளி. வெள்ளிக்கிழமை சைவக்காரர் மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடமாட்டினம். எங்கட ஆக்கள் சுத்தபோசனம். பக்கத்து வீட்டு நசீறாவின்ர ஆக்கள் ஜும்மா முடிஞ்சு வீட்டிலதான் சாப்பிடுவினம். இண்டைக்குப் போய்க் கோழி போட்டா, ஆர் வருவினம்?"

நான் மிச்சப் பப்படத்தைக் கோப்பையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

வெயிலில் நடந்து வீடு வந்தோம். அவள் நேரே உள்ளே போய், அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை இழுத்தாள். நீலப் பெயின்ற்றில் வடிவான எழுத்து. 'அன்ரோனெற் சாப்பாட்டுக்கடை. வெள்ளிக்கிழமைகளில் மீன், மரக்கறி.' தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இதை எப்ப எழுதினது?"

"தபசுகாலம் தொடங்கின விபூதிப் புதன் அண்டைக்கு."

"அது நான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட முந்தியெல்லோ?"

"ஓம். நானும் நசீறாவும் அதுக்கும் முந்தியே போய் அந்தக் கடையின்ர அட்டையைப் பாத்திட்டு வந்தனாங்கள். நீங்கள் எப்ப கூப்பிடுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அடுத்த வெள்ளிக்கிழமையே கடை திறந்தாயிற்று. விறாந்தையில் நிற்க இடமில்லை. முதலில் வந்தவர் யார் என்கிறீர்கள்? அமிர்தநாயகம். அவரும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டாராம். நேரே வந்து என் சாய்மனைக்கதிரையில் இருந்துகொண்டு, "கத்தரிக்காய் எனக்கு ஒத்துவராது பிள்ளை" என்றார்.

"அதுக்கென்ன அண்ணை, வாழைக்காய் தாறன். பப்படம் எத்தினை போட?"

மூன்று பப்படம் போட்டாள். எண்ணியபடி நின்றது நான்தான். தண்ணீர்ச் செம்பும் என் கையில்தான் இருந்தது.

பொய் சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். நான் பிடித்த பாரையை ஊரே கூடி இருந்து சாப்பிடுகிறது. சில வருசத்துக்கு முந்தி இந்த வளவில் பற்றைக்காடு மட்டும்தான் நின்றது. இப்போது காது கேளாத அளவுக்குச் சிரிப்பும் கதையும். போதாததற்குக் குழம்பு வாசம் வேறு.

மூன்று மணிக்குக் கடைசி ஆளும் எழும்பிப் போனார். நான் செம்பை வைத்துவிட்டு, மெல்ல என் கதிரையைப் பிடித்தேன்.

"இஞ்சேர், ஒரு பத்து நிமிசம் சாயட்டோ?"

அன்ரோனெற் எச்சில் கோப்பைகளை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அது அட்டையில இல்லை."